வேலிடேஷன்: செல்லுபடிச் சோதனை

"அப்டேட் போட்டால் லைசென்ஸ் போயிடுமா?" வீட்டில் விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் பழுதுபார்க்க வருபவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் இருப்பது லைசென்ஸ். உள்ளூர அஞ்சுவது வேலிடேஷனுக்கு. திரையின் வலது கீழ்மூலையில் மங்கலாகத் தெரியும் எச்சரிக்கை ஆக்டிவேஷனைப் பற்றியது. மூன்று சொற்களும் ஒரே பொருளில் புழங்குவதால்தான் தேவையற்ற இடத்தில் பயமும், பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமும் வந்துவிடுகின்றன. இவற்றில் தமிழில் சரியான பெயர் இன்னும் நிலைக்காத சொல் வேலிடேஷன். அதிலிருந்தே தொடங்கலாம்.

இலத்தீனில் 'வலேரே' என்றால் வலுவாக இருத்தல். 'வாலிதுஸ்' என்றால் வலுவுள்ளது. ஆங்கிலத்தின் 'வேலிட்', 'வேல்யூ' இரண்டும் இந்த வேரில் பிறந்தவை. ஒரு பத்திரம் வேலிட் என்றால், கேள்வி கேட்கும் இடத்தில் அது தாங்கி நிற்கும் என்று பொருள். ஒரு பொருளுக்கு அந்த வலு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது வேலிடேஷன்.

இலங்கைச் சட்டத் தமிழ் இந்தக் கருத்துக்கு 'வலிதான', 'வலிதற்ற' என்று எழுதுகிறது. இலத்தீன் வேரும் தமிழ் வேரும் ஒரே பொருளில் சந்திக்கும் அழகான சொல்லாட்சி. தமிழ்நாட்டில் மக்கள் வாயில் இருப்பது வேறு: செல்லும், செல்லாது. செல்லாக்காசு, செல்லாத வாக்கு, செல்லுபடியாகும் நாள் என்று அன்றாடம் பேசுகிறோம். 'செல்' என்ற வினையில் ஒரு நுட்பம் இருக்கிறது. காசு தானாகச் செல்வதில்லை. எதிரே ஒருவர் வாங்கிக்கொண்டால்தான் செல்லும். வலிமை பொருளுக்குள் இருப்பது. செல்லுபடி இருவருக்கிடையே இருப்பது. கணினியில் நடப்பது இரண்டாவது. உங்கள் கணினி ஒரு சாவியை, அதாவது விண்டோஸோடு தரப்படும் உரிமக் குறியீட்டை, நீட்டுகிறது, தொலைவிலிருக்கும் சர்வர் அதை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. ஆகவே வேலிடேஷனுக்கு 'செல்லுபடிச் சோதனை' என்பதே பொருந்தும். 'சரிபார்ப்பு' என்று பல இடங்களில் மொழிபெயர்க்கிறார்கள். அது வெரிஃபிகேஷனுக்கு உரியது. அதன் இலத்தீன் வேரான 'வேருஸ்' உண்மையைக் குறிக்கும். உண்மையா என்பது ஒரு கேள்வி, செல்லுமா என்பது இன்னொரு கேள்வி.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அன்று வீடுகளில் இருந்தவை ரிசர்வ் வங்கி வெளியிட்ட அசல் நோட்டுகள். அசல்தான், ஆனால் செல்லாது. மறுபுறம், நன்றாக அச்சான கள்ளநோட்டு சந்தைக் கூட்டத்தில் கைமாறிவிடும். போலிதான், ஆனால் அந்த நேரத்துக்குச் செல்கிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதுதான் சிக்கலின் தொடக்கம். 'விண்டோஸ் ஜெனுவின் அட்வான்டேஜ்' என்ற திட்டம் 2004இல் சோதனையாகத் தொடங்கியது. 'ஜெனுவின்' என்றால் அசல். 2005 ஜூலையில், அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து கூடுதல் மென்பொருள்களை இறக்க வேண்டுமானால் சோதனையில் தேறியாக வேண்டும் என்று ஆனது. பாதுகாப்பு அப்டேட்களுக்கு மட்டும் தானியங்கி வழியில் விலக்கு இருந்தது. 2006இல் அறிவிப்புக் காட்டும் பகுதி ஒன்று, கேபி 905474 என்ற எண்ணில், முக்கிய அப்டேட்களோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. நாள்தோறும் அது நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்கிறது என்று அவ்வாண்டு ஜூனில் தெரியவந்தபோது அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன, பிறகு தளர்த்தினார்கள். பாதுகாப்புக்கான வழியிலேயே சோதனைக்காரரையும் அனுப்பிவைத்தது பெரிய தவறு. 'அப்டேட் என்றால் ஆபத்து' என்ற எண்ணம் விதைக்கப்பட்டது அங்கேதான்.

சோதனையில் தேறாத கணினியின் திரையில் வந்த வாசகம், இந்த விண்டோஸ் ஜெனுவின் அல்ல என்பது. சர்வருக்குத் தெரிந்ததோ, இந்தச் சாவியை இப்போது ஏற்க முடியவில்லை என்பது மட்டும். செல்லாததைப் போலி என்று சொல்லிவிட்டார்கள்.

2007 ஆகஸ்ட் 24 அன்று இந்தக் குழப்பம் வெளிப்படையாக உடைந்தது. சோதனை நிலையிலிருந்த நிரலைத் தவறுதலாக நேரடிச் சர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். ஏறத்தாழ 19 மணி நேரம், முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா கணினிகளும் ஜெனுவின் அல்ல என்ற முத்திரை பெற்றன. விஸ்டாவில் ஏரோ என்ற கண்ணாடித் தோற்றம் உட்பட சில வசதிகள் நின்றன. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவு என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. சொல் விளக்கத்துக்குப் பயன்படும் ஒரு விவரமும் அந்த விளக்கத்தில் இருந்தது: பழைய நிரலுக்குத் திரும்பியதும் ஆக்டிவேஷன் சர்வர்கள் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டன, வேலிடேஷன் சர்வர்கள்தான் மறுநாள்வரை படுத்துக்கிடந்தன. இரண்டும் தனித்தனிச் செயல்கள் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

ஆக்டிவேஷன் என்பது முதல் பதிவு. சாவியையும் கணினியின் உறுப்புகளிலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகையையும் இணைத்துச் சர்வரில் ஒருமுறை எழுதிவைப்பது. தமிழில் 'செயல்படுத்தல்' என்கிறார்கள்; புழங்கட்டும், குறையில்லை. செல்லுபடிச் சோதனை அதற்குப் பிறகு அவ்வப்போது நடப்பது. விண்டோஸ் 7க்கு 2010இல் வந்த கேபி 971033 என்ற அப்டேட் 90 நாளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டது. 2019 ஜனவரி 8 அன்று அந்த அப்டேட் இருந்த நிறுவனக் கணினிகள் பலவற்றில் திடீரென்று 'ஜெனுவின் அல்ல' என்று வந்தது. அன்றுதான் மாதாந்தர அப்டேட்களும் வெளியாகியிருந்ததால் பழி அவற்றின் மேல் விழுந்தது. உண்மையில் மாற்றம் நடந்தது சர்வர் பக்கத்தில். மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2018 நவம்பர் 8 அன்று, விண்டோஸ் 10 புரோ கணினிகள் சில 'உங்களுக்கு ஹோம் பதிப்புக்குத்தான் உரிமம்' என்று காட்டியதும் சர்வர் கோளாறே. இத்தகைய நாளில் செய்யக்கூடாத காரியம், பதற்றத்தில் புதிய சாவி வாங்குவதும் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதும். ஒருநாள் பொறுத்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபுள்ஷூட் பொத்தானை அழுத்தினால் போதும்.

இனி லைசென்ஸ். இலத்தீன் 'லிகேரே' என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். தமிழ்நாட்டில் உரிமம், இலங்கையில் அனுமதிப்பத்திரம். ஓட்டுநர் உரிமம், சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டும் ஒரே அட்டைதான். மூலப் பொருளுக்கு நெருக்கமானது இலங்கை வழக்கு. 'உரிமம்' என்று கேட்டதும் 'உரிமை' நினைவுக்கு வருகிறது. பொருள் நமக்குச் சொந்தம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. மென்பொருளை நீங்கள் சொந்தமாக்கிக்கொள்வதில்லை; நிபந்தனையோடு பயன்படுத்த அனுமதி பெறுகிறீர்கள். உரிமம் நிலைபெற்ற சொல், மாற்ற வேண்டியதில்லை. நிபந்தனையை மட்டும் மறக்கக்கூடாது. லேப்டாப்போடு வந்த உரிமம் அதன் மதர்போர்டோடு, அதாவது முதன்மைச் சுற்றுப்பலகையோடு, கட்டுண்டது. வேறு கணினிக்குப் போகாது. கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றலாம். இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கும் உரிமம் உண்டு, செல்லுபடிச் சோதனை கிடையாது. ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் கணினியில் எந்த வகை உரிமம் என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், தேடல் பெட்டியில் சிஎம்டி என்று தட்டிக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்வி (slmgr /dlv) என்று அடியுங்கள். வரும் பெட்டியில் டிஸ்கிரிப்ஷன் என்ற வரியைப் பாருங்கள். ஓஇஎம்_டிஎம் என்றிருந்தால் சாவி தொழிற்சாலையிலேயே பயாஸுக்குள், அதாவது மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரலுக்குள், பதிக்கப்பட்டது. விண்டோஸ் 8 காலம் முதல் பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களில் இதுதான் வழக்கம். ரீட்டெயில் என்றிருந்தால் தனி உரிமம், அல்லது இலவச மேம்படுத்தலில் கிடைத்த, சாவி அடிக்கத் தேவையில்லாத டிஜிட்டல் உரிமம்.

வால்யூம்_கேஎம்எஸ்கிளையண்ட் என்று வந்தால் நின்று கவனியுங்கள். அது அலுவலகங்களுக்கான முறை. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். கணினிகள் அதனிடம் 180 நாள் செல்லுபடி வாங்கி, 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். அலுவலகமோ கல்லூரியோ தராத வீட்டுக் கணினியில் இது இருந்தால், அசெம்பிள் செய்து கொடுத்தவர் போலிச் சர்வர் நிரல் ஒன்றை உள்ளே ஏற்றியிருக்கிறார் என்றே கொள்ளலாம். டிஎல்வி என்ற இடத்தில் எக்ஸ்பிஆர் என்று அடித்தால் காலாவதி நாளும் தெரியும். இங்கே கவலைப்பட வேண்டியது உரிமத்தைப் பற்றி மட்டுமல்ல. அத்தகைய நிரல்களை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்த நேரத்தில் கூட என்னென்ன நுழைந்தது என்று யாரும் உறுதி தர முடியாது. அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு, வட்டை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவுவதே தீர்வு.

சோதனை தவறும்போது வரும் பிழை எண்ணின் கடைசி எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் அதில் இருக்கிறது. 2எஃப்8எஃப் என்று முடிந்தால் கணினியின் தேதியோ நேரமோ தவறு. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி, சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி, தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போகும். சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் சரியாகும். எஃப்211 என்றால் உறுப்பு மாறியிருக்கிறது, பெரும்பாலும் மதர்போர்டு. டிஜிட்டல் உரிமத்தை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், டிரபுள்ஷூட்டில் அண்மையில் உறுப்பு மாற்றினேன் என்பதைத் தேர்ந்து மீட்கலாம். ஆகவே மதர்போர்டு மாற்றக் கொடுப்பதற்கு முன்பே இணைத்துவையுங்கள். சி003 என்றால் சாவி சர்வரில் தடுக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகள் பலவும் ஏதோ நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலிலிருந்து கசிந்தவை. சில மாதம் செல்லும், பிறகு செல்லாது.

சாவியைக் கையால் அடிக்கும்போது ஒரு குறிப்பு. சாவி என்ற சொல் போர்த்துகீசியரின் 'ஷாவே'. விண்டோஸ் சாவி ஐந்தைந்தாக 25 எழுத்து. அதில் 0, 1, 5 என்ற எண்கள் வருவதே இல்லை. ஆங்கில உயிரெழுத்துகளும் இல்லை. ஒட்டுத்தாளில் பூஜ்யம் போலத் தெரிவது தேய்ந்த க்யூ அல்லது டி. எட்டும் பியும் மட்டும் இரண்டும் உண்டு என்பதால் அங்கே கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

செல்லுபடிச் சோதனைக்கு அஞ்சி அப்டேட்டை நிறுத்திவைப்பது மருந்தாகாது. விண்டோஸ் 10, 11இல் செல்லுபடிச் சோதனை தனி அப்டேட்டாக வருவதில்லை, அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்டேட்டை அணைத்தாலும் அது நடக்கும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்திருந்தது. மாட்டியவை அதைப் போடாத கணினிகள். செயல்படுத்தாத விண்டோஸ் 11 கூடப் பாதுகாப்பு அப்டேட்களைப் பெறும்; விண்டோஸ் 10உம் 2025 அக்டோபரில் அதற்கான ஆதரவு முடியும்வரை பெற்றது. மூலையில் வாசகம் நிற்கும், பின்னணிப் படம் போன்றவற்றைச் செட்டிங்ஸில் மாற்ற முடியாது, கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. தொடக்க கால விஸ்டாவில் ஒரு மணி நேரம் பிரவுசரை மட்டும் காட்டிவிட்டு வெளியேற்றும் முறை இருந்தது. சர்வீஸ் பேக் 1 என்ற தொகுப்புத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சந்தா முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் 365 மட்டும் வேறு: மாதம் ஒருமுறையாவது இணையத்தில் சேராவிட்டால் திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது.

மென்பொருள் வாசகங்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். அசல், நகல் இரண்டும் அரபியிலிருந்து வந்து நம்முடையவை ஆகிவிட்டன. 'போலி' தமிழ்ச் சொல், 'போல்' என்பதிலிருந்து. இலக்கணத்தில் ஐந்து அஞ்சு ஆவதைப் போலி என்கிறோம். அங்கே அதில் குற்றம் ஏதுமில்லை. திரையில் வரும்போது அது குற்றச்சாட்டு. ஆகவே சர்வர் மறுத்த இடத்தில் 'உங்கள் விண்டோஸ் போலியானது' என்று எழுதாதீர்கள். 'இந்தச் சாவியின் செல்லுபடியை இப்போது உறுதிசெய்ய முடியவில்லை' என்று எழுதுங்கள். சாவி தடுக்கப்பட்டிருந்தால் 'இந்தச் சாவி செல்லாது' என்று எழுதுங்கள். படிப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்த இரண்டு வரிகளுக்கும் வேறு வேறு.