அமத்தினது நான்தான், மிஸ்

பல் வைத்தியரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்த 12 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா உளவள ஆலோசனைக்காக என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் இருக்கும் குடும்பம். கடைவாய்ப் பல்லில் சூத்தை, கன்னம் வீங்கியிருந்தது. இரண்டு தடவை வைத்தியரின் அறை வாசல் வரை போய், கத்திக்கொண்டு திரும்பி ஓடியிருக்கிறான். இரவில் லைட்டை அணைக்கவும் விடுவதில்லையாம். (பெற்றோரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"கேம் விளையாடித்தான் மிஸ் இப்பிடி ஆனவன். ஒருநாள் இவனும் ஆரையாவது அடிச்சுப் போடுவானோ எண்டு பயமாக்கிடக்கு" என்றார் அம்மா. மடிக்கணினியில் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ) என்ற வன்முறை விளையாட்டு இருந்ததைத் தகப்பன் கண்டுபிடித்திருக்கிறார். உறவுக்காரப் பையன் ஒருவன் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. தகப்பன் அதை அழித்துவிட்டு, இரண்டு அடியும் போட்டு, இனி இந்த வீட்டில் கேம் என்ற பேச்சே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டளைதான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. இரண்டாம் சந்திப்பில்தான் பையன் வாய் திறந்தான். 2013இல் வெளிவந்த அந்த விளையாட்டில், கதிரையில் கட்டிவைக்கப்பட்ட ஒரு மனிதனை விசாரிக்கும் கட்டம் இருக்கிறது. பக்கத்தில் கருவிகள் இருக்கும். குறட்டால் பல்லைப் பிடுங்கலாம், மின்சாரம் பாய்ச்சலாம். எதை எடுப்பது என்று விளையாடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும், செய்வதும் அவரே. அந்த மனிதன் கெஞ்சுவது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"நான்தான் மிஸ் அமத்தினனான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "பெரியப்பாவையும் இப்பிடித்தான் செய்தவங்களோ?" என்று கேட்டான்.

பெரியப்பா யுத்த காலத்தில் கொழும்பில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, சில மாதங்கள் தடுப்பில் இருந்தவர். முன்பற்கள் இரண்டு இல்லை. வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டம் வெளிவந்தபோதே பிரித்தானியாவில் பெரிய சர்ச்சை. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்ற அமைப்பு அதைக் கடுமையாகக் கண்டித்தது. எங்கள் நாட்டிலிருந்து போன தமிழர்களும் அந்த அமைப்பிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் அம்மா கேட்ட கேள்வி வேறு: விளையாட்டு பிள்ளையைக் கொலைகாரனாக்குமா? இது பழைய கேள்வி. மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டில் எதிராளியின் தலையைப் பிடுங்குவதைப் பார்த்துப் பதறி, 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அடுத்த வருடமே வயது முத்திரை குத்தும் ஈஎஸ்ஆர்பி அங்கே உருவானது. 2019இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டுக்கும் அவர்களுடைய மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இன்னும் நிதானமானது: கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கத்தோடு சிறிய தொடர்பு உண்டு; கொலை போன்ற பெரிய வன்முறைக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை.

இதைச் சொன்னதும் அம்மா பெருமூச்சு விட்டார். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை மற்றவர்களுக்கு என்ன செய்வான் என்றே நாற்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறோம். அந்தக் காட்சி பிள்ளைக்கு என்ன செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. படத்தில் என்றால் கண்ணைப் பொத்தலாம், வில்லன்தான் செய்தான் என்று சொல்லலாம். விளையாட்டில் செய்தது தன் கை. அந்த வெட்கத்தோடு அடியும் சேர்ந்தால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஆபாசக் காட்சிகளும் அப்படித்தான். பார்த்துக் குழம்பிப்போய், பார்த்ததைச் சொன்னால் குற்றவாளி ஆகிவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையச் சந்திக்கிறேன்.

ஜிடிஏ 5இன் பெட்டியில் ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்றும் போட்டிருக்கும். பென் டிரைவில் வரும் பிரதியில் அந்த எண் வருவதில்லை. ஆகவே விளையாட்டின் பெயரைப் பிள்ளையிடம் கேட்டு, வயது முத்திரையை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். போன் என்றால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது, வயதைத் தெரிவுசெய்து ஓர் இரகசிய இலக்கம் (PIN) போட்டு வைக்கலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளையின் பிறந்த திகதியாகப் போடாதீர்கள்.

அதைவிடப் பலன் தருவது பக்கத்தில் போய் இருப்பது. அரை மணித்தியாலம் போதும். புத்தி சொல்லாமல், "இதில எந்த இடம் உனக்குப் பிடிக்கேல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எது பிடிக்கும் என்று கேட்டால் வராத பதில்கள் இதற்கு வரும். வன்னியில் இறுதி யுத்தத்துக்குள் இருந்து வந்த அம்மம்மாவோ அப்பப்பாவோ வீட்டில் இருந்தால், ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளின் வெடிச்சத்தத்தை ஹெட்போனுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்ற காரணத்தையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள், அது புரிந்துகொள்ளும். நித்திரை குழம்பி, பயம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். இலங்கையில் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: மனநலத்துக்கு 1926, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1929.

பையனுடைய கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அது என்னுடைய பதில் அல்ல. பெற்றோரிடம் கதைத்தேன். தகப்பன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அண்ணனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பெரியப்பா பையனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. அடுத்த கிழமை அவனைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். பல்லைப் பிடுங்கி முடியும்வரை அவனுடைய காலில் கையை வைத்தபடி பக்கத்திலேயே நின்றாராம்.