சர்ஜரி தேர்வுக்கு ஆபரேஷன் படிகளை மனப்பாடம் செய்யாதீர்கள்

விடைத்தாளில், கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனின் படிகள் ஒன்று விடாமல் இருக்கும். அடுத்த கேள்வியில், வயிற்றில் அடிபட்டு, ஃப்ளூயிட் ஏற்றியும் பிபி 80-ஐத் தாண்டாத, ஃபாஸ்ட் ஸ்கேனில் (உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று படுக்கையருகிலேயே பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ரத்தம் தெரிந்த நோயாளியை சிடி எடுக்க அனுப்பியிருப்பார்கள். அவர் போக வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர். ஒவ்வொரு பேட்சிலும் இதே கூத்து.

சர்ஜரி தேர்வென்றால் ஆபரேஷன் செய்யும் முறையைக் கேட்பார்கள் என்று யார் சொன்னது? எந்தத் தையல் நூல், எந்தக் கீறல் என்பதெல்லாம் மேற்படிப்புக்காரர்கள் பாடு. எம்.பி.பி.எஸ். படிக்கும் உங்களிடம் கேட்பது வேறு. இவருக்கு என்ன நோய்? கத்தி வைக்க வேண்டுமா, எப்போது? வைப்பதற்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும், வைத்தபின் எது கெடும்? நான்கு மணி நேரம் ரிட்ராக்டர் (கீறலை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்துக் கால் மரத்து வெளியே வருகிறவரிடம் அந்த நோயாளியின் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். பித்தநாளம் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வார்.

"பிபி நார்மல், அதனால் ரத்தப்போக்கு இல்லை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மொத்த ரத்தத்தில் ஏறக்குறைய 30% போகும்வரை பிபி தாக்குப்பிடிக்கும். 70 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை லிட்டர். அதற்கு முன்பே நாடி 100-ஐத் தாண்டும், பல்ஸ் பிரஷர், அதாவது மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள இடைவெளி, சுருங்கும். கேள்வியில் அந்த எண்களைக் கொடுத்திருப்பார்கள், நீங்கள்தான் தாவிப் போகிறீர்கள்.

தீக்காயக் கணக்கிலும் இதே அவசரம். 70 கிலோ, 40% தீக்காயம்: ஏற்ற வேண்டிய ஃப்ளூயிடைச் சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி 4 × எடை × சதவீதம் = 4 × 70 × 40, அதாவது 24 மணி நேரத்துக்கு 11,200 மி.லி. பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, நோயாளி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் 5,600 மி.லி.யும் மீதி 6 மணி நேரத்தில் போக வேண்டும்; மணிக்கு சுமார் 930, 700 அல்ல. சிவந்து மட்டும் போன தோலைச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள். பிறகு சிறுநீரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்: கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. சிறுநீர் வர வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் காய்ச்சலை நாள் கணக்கோடு படியுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் சிறுநீர்த் தொற்று, ஐந்திலிருந்து ஏழுக்குள் காயத்தில் சீழ் அல்லது குடல் இணைப்பில் கசிவு. முதல் நாள் காய்ச்சலை அட்டெலெக்டேசிஸ் (நுரையீரலின் ஒரு பகுதி காற்றில்லாமல் சுருங்குவது) தலையில் கட்டுவது பழைய வழக்கம். ஆதாரம் பலவீனம், ஆனாலும் அதையே விடையாக வைத்திருக்கும் தேர்வாளர்கள் உண்டு. முதல் 48 மணி நேரத்திலேயே காய்ச்சலோடு காயமும் தாங்க முடியாமல் வலித்தால் கட்டைப் பிரித்துப் பாருங்கள், வேகமாகப் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோ க்ளாஸ்ட்ரிடியம் கிருமியோ இருக்கலாம்.

நெஞ்சுக்குள் காற்று அடைத்து அழுத்தும் டென்ஷன் நியூமோதோராக்ஸில் உடனே காற்றை வெளியேற்றாமல் எக்ஸ்ரே கேட்டால் பூஜ்யம். விரை முறுக்கு என்று தெளிவாகத் தெரியும்போது ஸ்கேனுக்குக் காத்திருந்தாலும் அப்படியே. விரையைக் காப்பாற்ற 6 மணி நேரம்தான் அவகாசம்.

வாரக் கடைசியில் நூறு கேள்வியை ஒரே மூச்சில் முடிப்பதைவிட, போஸ்டிங்கின் முதல் நாளிலிருந்தே தினம் இருபது போடுங்கள். தவறிய கேள்விக்குச் சரியான விடையை மட்டும் குறித்தால் போதாது, நீங்கள் தேர்ந்தது ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். காலையில் வார்டில் ஒரே ஒரு நோயாளியின் ஃப்ளூயிட் சார்ட்டை எடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிப் பாருங்கள். டிரெயின் குழாயில் வடிந்து வந்ததையும் மறக்காமல்.