நான்கு கலன்கள், ஒரே நீராவி

வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் பக்கத்தில் நின்றவர்களுக்கு, அதிலிருந்து புகைபோல் எழும்பும் வெள்ளை ஆவி நினைவிருக்கும். அடுப்பில் எரித்த சக்கையின் வெப்பத்தில் பெரும் பங்கு அந்த ஆவியோடுதான் வானத்துக்குப் போகிறது. ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும்; சூடான அந்த நீரை ஆவியாக மாற்ற மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பம் எனப்படும் இந்தப் பெருந்தொகையைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதற்காகவே சர்க்கரை ஆலையின் ஆவியாக்கிகள் அமைக்கப்படுகின்றன.

கணக்கு மிக எளிய இடத்தில் தொடங்குகிறது. மணிக்கு 100 டன் தெளிந்த கரும்புச்சாறு 15 பிரிக்சில் வருகிறது, அதாவது நூறு கிலோ சாற்றில் 15 கிலோ கரைபொருள் இருக்கிறது என்று கொள்வோம். அதை 60 பிரிக்ஸ் பாகாக்க வேண்டும். உள்ளே வந்த 15 டன் கரைபொருள் அப்படியே வெளியே போகவேண்டும் என்பதால் பாகின் எடை 15 ÷ 0.60 = 25 டன்; ஆவியாக வேண்டிய நீர் 75 டன். ஒரே கலனில் இதைச் செய்தால் மணிக்கு ஏறத்தாழ 80 டன் நீராவி செலவாகும். ஒரு கிலோ சக்கை கொதிகலனில் ஏறத்தாழ 2.2 கிலோ நீராவி தரும் என்றால், 36 டன் சக்கை எரிக்க வேண்டும். ஆனால் 100 டன் சாறு தரும் ஏறத்தாழ 100 டன் கரும்பில் கிடைக்கும் சக்கையோ 30 டன் அளவுதான். ஒற்றைக் கலனை நம்பினால், கரும்பு தன் சாற்றை வற்றவைக்கத் தன் சக்கையே போதாமல் நிற்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நார்பர்ட் ரில்லியூ. 1806-ல் நியூ ஆர்லியன்சில், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின வழித்தோன்றலான தாய்க்குப் பிறந்து, பாரிசில் பொறியியல் பயின்றவர் அவர். அன்றைய லூசியானாத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்கள், கொதிக்கும் சாற்றைத் திறந்த கொப்பரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீண்ட அகப்பைகளால் முகந்து ஊற்றிவந்தனர். ரில்லியூ 1843-லும் 1846-லும் காப்புரிமை பெற்ற கருவியில், முதல் கலனின் சாற்றிலிருந்து எழும் ஆவியே இரண்டாம் கலனின் குழாய்களைச் சூடாக்கியது. அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் இறங்கும் என்பதால், ஒவ்வொரு கலனையும் முந்தையதைவிடக் குறைந்த அழுத்தத்தில் வைத்தால் போதும். கடைசிக் கலனில் 0.15 பார் அழுத்தம் (இயல்பான காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) இருந்தால் நீர் 54 டிகிரியிலேயே கொதிக்கும். நம் 75 டன்னை நான்கு கலன்கள் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 18.75 டன் நீரை ஆவியாக்கும். கொதிகலன் பக்கமிருந்து வரவேண்டிய நீராவி 20 டன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

நான்கு கலன்கள் இருப்பதால் நான்கு மடங்கு வேலை நடக்கும் என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியல்ல. ஒரு கலன் கடத்தும் வெப்பம் மூன்றின் பெருக்கம்: வெப்பக் கடத்துத் திறன், குழாய்களின் பரப்பு, வெப்பநிலை வேறுபாடு. முதல் கலனுக்கு வரும் நீராவி 120 டிகிரி, கடைசி ஆவி 54 டிகிரி என்றால், செலவழிக்க இருப்பது 66 டிகிரி மட்டுமே. ஒரு வீட்டுக்கு வரும் ஒரே சம்பளத்தை நான்கு பேர் பங்கிடுவதுபோல், அந்த 66 டிகிரியை நான்கு கலன்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே கடத்துத் திறன் சமம் என்று வைத்துக்கொண்டால், நான்கு கலன்களும் சேர்ந்து, அவற்றுள் ஒன்றின் பரப்பே உள்ள ஒரே கலன் ஆவியாக்கும் அளவு நீரைத்தான் ஆவியாக்கும். மிச்சமாவது நீராவி, அதற்கு விலையாகக் கொடுப்பது இரும்பும் குழாய்களும்.

இந்தச் சம்பளத்திலும் பிடித்தங்கள் உண்டு. 60 பிரிக்ஸ் பாகு, தூய நீரைவிட ஏறத்தாழ 3 டிகிரி அதிகமாகச் சூடானால்தான் கொதிக்கும். இதைவிடக் கவனம் வேண்டியது திரவத்தின் ஆழம். ஒரு மீட்டர் நீர் அடியில் 0.1 பார் அழுத்தத்தைக் கூட்டுகிறது. முதல் கலனில் 1.6 பார் 1.7 ஆவதால் கொதிநிலை 113-லிருந்து 115 டிகிரிக்கு உயர்கிறது. அதில் பெரிய இழப்பில்லை. கடைசிக் கலனிலோ 0.15 பார் 0.25 ஆகிவிடுவதால், 54 டிகிரி 65 டிகிரியாகத் தாவிவிடுகிறது. பாகு நீரைவிட 1.29 மடங்கு கனமானது என்பதால் உண்மை நிலை இன்னும் மோசம். கண்ணாடி மட்டமானியில் சாற்றின் மட்டம் குழாய் உயரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் அனுபவமுள்ள இயக்குநர் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அந்த மட்டத்தில் கொதிக்கும் குமிழ்கள் சாற்றை மெல்லிய படலமாக மேலே இழுத்துச் செல்ல, குழாய் முழுதும் நனைந்தே இருக்கும்.

பிடித்தங்கள் எல்லாம் 12 டிகிரி என்று கொண்டால் கையில் மிஞ்சுவது 54. கடத்துத் திறன் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, முதல் கலனில் 2.5 கிலோவாட், பிறகு 2.0, 1.4 என்று இறங்கிக் கடைசியில் கெட்டியான பாகினால் 0.6 என்று வைப்போம். எல்லாக் கலன்களுக்கும் ஒரே பரப்பு வேண்டுமானால் வேறுபாட்டைத் திறனுக்கு எதிர்விகிதத்தில் பிரிக்க வேண்டும்: 6.6, 8.2, 11.8, 27.4 டிகிரி. முதல் கலன் கடத்த வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 11,500 கிலோவாட், அதை 2.5 × 6.6 ஆல் வகுத்தால் 700 சதுர மீட்டர் பரப்பு வருகிறது. 45 மில்லிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாய்கள் என்றால், கலன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,500 வேண்டும். ஓட்டத்தில் கலன்கள் இந்தப் பங்கீட்டைத் தாமாகவே செய்துகொள்கின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. இடையிலுள்ள அழுத்தங்களை எவரும் பொருத்தி வைப்பதில்லை. ஒரு கலன் அனுப்பும் ஆவியும் அடுத்தது குளிர்விக்கும் ஆவியும் சமமாகும் இடத்தில் அழுத்தம் தானே நின்றுவிடும்.

ஐந்தாவது கலன் சேர்த்தால் நீராவி 20-லிருந்து 16 டன்னுக்குத்தான் இறங்கும். பிடித்தமோ இன்னொரு கலனுக்கும் விழும். சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கும் ஆலைக்கு அந்த 4 டன்னும் காசுதான் என்பதால் அங்கே அது தகும். மற்ற இடங்களில், ஏற்கெனவே இருக்கும் குழாய்களைச் சுத்தமாக வைத்திருப்பதே முதல் வேலை என்பது என் கருத்து. கால்சியம் உப்புகளும் சிலிக்காவும் உள்சுவரில் படியப் படியக் கடத்துத் திறன் சரிந்து, பாகின் பிரிக்ஸ் 60-லிருந்து 55-க்கு வந்துவிடும். அப்போது காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்கவைத்துத் தூரிகை ஓட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

இத்தனை கணக்குகளுக்கும் அப்பால், பணிமுறைதோறும் தவறாமல் செய்யவேண்டிய சிறு சோதனை ஒன்று உண்டு. குழாய்களின் வெளிப்புறம் குளிர்ந்து இறங்கும் சுடுநீரைக் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்புமுன், சோதனைக்குழாயில் சிறிது எடுத்து, ஆல்ஃபா நாப்தால் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் சில துளிகள் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல இறக்குவார்கள். இரு திரவங்களும் சந்திக்கும் கோட்டில் ஊதா வளையம் தெரிந்தால் நீரில் சர்க்கரை கலந்திருக்கிறது என்று பொருள்: எங்கோ ஒரு குழாய் கசிகிறது, அல்லது ஆவியோடு சாற்றுத்துளிகள் பறந்து வருகின்றன. கொதிகலனில் சர்க்கரை அமிலமாகச் சிதைந்து குழாய்களை அரிக்குமுன், அந்த நீரை உடனே வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.