அனாஸ்டமோசிஸ்: தமிழில் வாயிணைப்பு

மூளைத் தமனியின் சுவர் மெலிந்து பலூன்போலப் புடைப்பதை அனியூரிசம் என்கிறோம். தமிழில் தமனிப் புடைப்பு. 'வீக்கம்' என்றால் நீர் கோத்த வீக்கம்தான் மனதில் வரும், அதனால் புடைப்பே பொருத்தம். புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு அதை அடைக்கும் அறுவையை அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1937இல் செய்தார். கிளிப் போடும்போது கழுத்தோடு சேர்ந்து தமனியும் கிழிந்துவிட்டால்? இரண்டு பக்கமும் தற்காலிகக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். சின்னக் கிழிசலைத் தைத்துவிடலாம். முடியாதபோது அந்தத் துண்டை ஒதுக்கி ரத்தத்துக்கு வேறு வழி அமைக்க வேண்டும். இரண்டு ரத்தக் குழாய்களைத் திறந்து, ரத்தம் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும்படி இணைப்பதைக் குறிக்கும் அனாஸ்டமோசிஸ் என்ற சொல் அங்கேதான் வருகிறது.

கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். அனாஸ்டமோசிஸ் என்றால் வாய் திறந்துவிடுதல். கி.மு. 3ஆம் நூற்றாண்டு மருத்துவர் எராசிஸ்ட்ராடஸ், தமனியில் ஓடுவது காற்று என்று நம்பியவர். அப்புறம் வெட்டினால் ரத்தம் வருவானேன்? சிரையிலிருந்து தமனிக்குள் நுண்ணிய வாய்கள் திறந்துகொள்கின்றன என்றார். காற்றுக் கொள்கை பொய்த்துப்போனது, வாய் மட்டும் சொல்லில் நிலைத்துவிட்டது.

தமிழில் இதைப் 'பிணைப்பு' என்று எழுதுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பிணைப்பது என்றால் கட்டுவது. ரத்தக் குழாயைக் கட்டினால் அது அடைபடும், இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். குடத்தின் வாய், புண்வாய் என்று திறப்பை வாயாகவே பார்க்கும் மொழி நம்முடையது. எனவே 'வாயிணைப்பு' என்பதே என் தேர்வு.

அறுவை மேசையில் இந்தச் சொல் அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கும் நெற்றிப்பொட்டுத் தமனியின் நுனியைச் சாய்வாக வெட்டி, கொஞ்சம் கீறி, மீன்வாய்போல விரிப்பார்கள். மூளைத் தமனியின் பக்கவாட்டில் அதே அளவில் ஒரு வாய் திறப்பார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் வாயோடு வாய் வைத்துத் தையல். ஊசி எதிர்ச் சுவரில் மாட்டினால் புது வாய் மூடிப்போகும். 1967இல் சூரிச்சில் மூளை அறுவை மருத்துவர் யாசர்கில் முதன்முதலாகச் செய்தது இந்த இணைப்பைத்தான்.

நுனியைப் பக்கத்தில் தைத்தால் முனை-பக்க வாயிணைப்பு. கிழிந்த பகுதியை வெட்டி நீக்கி, மிஞ்சிய இரு நுனிகளையும் சேர்த்தால் முனை-முனை வாயிணைப்பு.