ஜேவிஎம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் அங்கே இல்லை

சனிக்கிழமை இரவு, ஜாவா 8-ல் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த பில்லிங் சர்வரை நேராக 17-க்கு மாற்றினோம். கோடு கம்பைல் ஆகிவிட்டது, டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரைக் கிளப்பினால் ஒரு நொடி கூட நிற்கவில்லை. லாகில் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) விட்டுச்சென்ற ‘அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்’, அதாவது ‘தெரியாத ஆப்ஷன்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்-அப் ஸ்க்ரிப்டில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு ஃப்ளாக் (ஜேவிஎம்முக்குக் கொடுக்கும் ஆப்ஷன்), சிஎம்எஸ் என்ற பழைய கார்பேஜ் கலெக்டரை, அதாவது தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் வேலையை விட்டே பல வருடம் ஆகிறது. டெஸ்ட்கள் அந்த ஸ்க்ரிப்ட் வழியாக ஓடுவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அதை அழித்ததும் சர்வர் எழுந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு பழைய லைப்ரரி, எக்ஸ்எம்எல்லைக் கையாளும் ஜாக்ஸ்பி-யைத் தேடிக் கீழே விழுந்தது. அது 11-லேயே ஜேடிகேயை (ஜாவாவின் கருவித் தொகுப்பு) விட்டு வெளியேறியிருந்தது.

“சொல்லாமல் கொள்ளாமல் உடைத்துவிடுகிறார்கள்” என்று குழுவில் ஒருவர் புலம்பினார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிப்பாக அந்த ஃப்ளாக்கைப் போட்டுப் பார்த்தேன். 2017-ல் வந்த 9, ‘இது விலக்கப்படப்போகிறது’ என்று எச்சரிக்கிறது, வேலையும் செய்கிறது. 2020 மார்ச்சில் வந்த 14-ல் கலெக்டரே இல்லை. ஆனாலும் விஎம் சாகாமல், ‘இந்த ஆப்ஷனைக் கண்டுகொள்ளவில்லை’ என்று சொல்லிவிட்டு வேறு கலெக்டரோடு ஓடுகிறது. அதற்கப்புறம்தான் தெரியாத ஃப்ளாக் என்று கதவைச் சாத்துகிறது. கிட்டத்தட்ட மூன்று வருடம் சொல்லியிருக்கிறது. 8-லிருந்து 17-க்குத் தாவிய நாங்கள் அந்த எச்சரிக்கை வந்த எந்தப் பதிப்பையும் ஓட்டியதே இல்லை.

எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ப்ரொடக்‌ஷனுக்கு அது சரி. ஆனால் ஜாவாவின் திறந்தமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயில் எச்சரிக்கைகள் பெரும்பாலும் முதலில் வருவது நடுவில் வரும் பதிப்புகளில்தான்.

ஆறு மாதத்துக்கொரு பதிப்பு என்ற வேகம் முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பழைய முறையை நினைத்தால் எரிச்சல் குறைகிறது. ஜாவா 6-க்கும் 7-க்கும் இடையே ஏறக்குறைய ஐந்து வருடம். 9-ஐ, ஜேடிகேயைத் துண்டுதுண்டாகப் பிரிக்கும் மாட்யூல் வேலை இழுத்தடித்தது, தயாராக இருந்த மற்ற வசதிகளும் அதோடு சேர்ந்து காத்திருந்தன. 2018-லிருந்து மார்ச், செப்டம்பர் என்று ரயில் நேரத்துக்குக் கிளம்புகிறது. ஏற முடியாதது அடுத்த ரயிலில் வரும்.

எது அசையாது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கிளாஸ் ஃபைல் (கம்பைல் ஆன கோடு) வடிவத்தை இன்றைய ஜேவிஎம்மும் ஏற்கிறது. உள்ளே இருப்பது மட்டும் தாராளமாக மாறுகிறது. 9-ல் ஸ்ட்ரிங்கின் உட்கட்டமைப்பையே மாற்றினார்கள். லத்தீன் எழுத்து மட்டும் இருந்தால் எழுத்துக்கு ஒரு பைட், இல்லையென்றால் முன்போல இரண்டு. (ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் மொத்த ஸ்ட்ரிங்கும் இரண்டு பைட்டுக்குப் போய்விடும், நமக்கு இதில் லாபமில்லை.) நாங்கள் ஒரு வரி கோடு மாற்றவில்லை. நாம் பயன்படுத்தலாம் என்று வாக்குக் கொடுத்த இடத்தில் ஓப்பன்ஜேடிகேக்காரர்கள் கைவைப்பது அபூர்வம், வைத்தாலும் ஜாக்ஸ்பி மாதிரி இரண்டு பதிப்பு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அடிபடுவது, வாக்குக் கொடுக்காத உள்ளறைக்குள், ஓடும்போதே உட்பகுதியைத் தொட வழிசெய்யும் ரிஃப்ளெக்‌ஷன் வழியாகப் புகுந்த லைப்ரரிகள்தான். அவற்றுக்கும் 9-ல் எச்சரிக்கை, 16-ல் இயல்பாகவே தடை, 17-ல் பழையபடி திறந்துவிடும் ஸ்விட்சும் போயிற்று. மிச்சம் இருப்பது ஒவ்வொரு பேக்கேஜாகக் கேட்டுத் திறக்கும் ‘ஆட்-ஓப்பன்ஸ்’. எங்கள் ஸ்க்ரிப்டில் அது 11 வரி சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கடன்.

கருத்துக் கேட்பதற்காக முன்னோட்டமாக வெளியிடும் ப்ரிவியூ வசதிகள் வேறு ரகம். 21-ல், ஸ்ட்ரிங்குக்குள் மதிப்புகளைச் செருகும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் ப்ரிவியூவாக வந்தபோது குழுவில் ஒரு தம்பி அதை உடனே ப்ரொடக்‌ஷனில் போடத் துடித்தான். ப்ரிவியூவோடு கம்பைல் செய்த கிளாஸ் ஃபைல் அதே பதிப்பில்தான் ஓடும், 22 அதைத் தொடாது என்று காட்டியதும் அடங்கினான். 22-ல் இரண்டாவது ப்ரிவியூ வந்தது. 23-ல் வடிவமைப்பு திருப்தியில்லை என்று அதைத் தூக்கியே விட்டார்கள். இப்படி விலகிக்கொள்ள முடிவதற்காகவே அந்தப் பூட்டு இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அந்தத் தவறை ஆயுளுக்கும் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது ப்ரொடக்‌ஷன் எல்டிஎஸ்ஸில் நிற்கிறது. கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை வரும் ஒவ்வொரு பதிப்பிலும் இன்னொரு ஜாப் ஓடுகிறது, ப்ரொடக்‌ஷனின் அதே ஸ்டார்ட்-அப் ஸ்க்ரிப்டோடு. அந்த ஜாப் தோற்றாலும் ரிலீஸை நிறுத்த மாட்டோம். லாகில் ‘வார்னிங்’ என்று வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் திங்கட்கிழமை காலையில் யாராவது படிப்பார்கள். கூடவே ‘ஜேடெப்ஸ்’ ஓட்டி எந்த ஜார் (லைப்ரரிக் கோப்பு) உள்ளறையைத் தொடுகிறது என்றும் பார்க்கிறோம். அது ஜேடிகேயோடே வரும் கருவி, இருந்தும் பலர் ஒரு முறைகூட ஓட்டிப் பார்த்ததில்லை.

24-ஐ வைத்து ஓட்டிய முதல் வாரமே ஒரு புதிய வரி வந்தது: அன்சேஃப் என்ற வகுப்பின், நினைவகத்தை நேரடியாகத் தொடும் மெத்தடை ஒரு லைப்ரரி அழைக்கிறது, அது நீக்கப்படப்போகிறது. எங்கள் கோடு அதை நேரடியாகத் தொடவில்லை, மூன்றாவது அடுக்கில் இருக்கும் ஜார் அது. அதைப் பராமரிப்பவர்களுக்கு இஷ்யூ போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.