டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: எலும்புச் சத்து மாத்திரைகள் பற்றி ஒரு மருந்துக்கடைக்காரன்

சேலம் அம்மாபேட்டையில் இருந்து எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் தறிக்கார அம்மா, போன மாதம் கையில் ஒரு பெரிய டப்பாவோடு வந்தார். "கண்ணு, பையன் போன்ல ஆர்டர் போட்டு வாங்கிக் குடுத்தான். இதக் கலக்கிக் குடிச்சா மொழங்கால் வலி போயிருமா?" விலை 1,800 ரூபாய். முன்பக்கம் எலும்புக்கூட்டுப் படம், 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று தங்க எழுத்து.

டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கம், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், உணவுப் பொருளுக்கான உரிம எண். அதன் பக்கத்தில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்'. மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சட்டம் கேட்கிறது, அதனால் போடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி டப்பாவில் எனக்குக் கிடைக்கும் லாபம், சாதாரண மாத்திரை அட்டையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதனால் இதைப் பற்றிப் பேசும் எந்த மருந்துக்கடைக்காரரையும், என்னையும் சேர்த்து, கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

அந்த அம்மாவுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரை என்பது வேறு நோய். எலும்பு உள்ளே பஞ்சு போல் ஆனாலும் வலிக்காது, உடைகிற நாள் வரை சத்தமே போடாது. முழங்கால் வலிக்குக் கால்சியம் சாப்பிடுவது, தறியில் நூல் அறுந்ததற்கு மிதிப்பலகையை மாற்றுவது மாதிரி. அந்த டப்பாவில் இருந்த குளுக்கோசமைன் மூட்டுக்கென்றே விற்கப்படுவது. ஆனால் 2006இல் அமெரிக்காவில் முழங்கால் வலி உள்ள 1,583 பேரிடம் நடந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை.

சரி, எலும்புக்கே வருவோம். 'நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதை எண்ணினார்கள்? எலும்பு உடைவது குறைந்ததா, அல்லது அடர்த்தி என்ற எண் கூடியதா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்த தர்மபுரிக்காரர்களைக் கேளுங்கள். ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் காலங்காலமாகக் குடித்தவர்களின் எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் முதுகு வளையாது, குனிய முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதே ஃபுளோரைடை ஒரு காலத்தில் எலும்புப்புரைக்கு மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான ஆய்வு, 202 பெண்கள், நான்கு வருடம். முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. இந்த எண்ணை ஒரு கம்பெனி கையில் கொடுத்திருந்தால் சேலம் முழுக்க பேனர் வைத்திருப்பார்கள்! ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, கை கால் போன்ற மற்ற எலும்புகள் அதிகமாகவே உடைந்தன.

இப்போது எலும்புக்கென்று நன்றாக விற்கும் கொலாஜன் என்ற புரதப் பவுடர் பற்றிய ஆய்வைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. 2018இல், 131 பெண்கள், ஒரு வருடம். அடர்த்தி கொஞ்சம் கூடியது உண்மை. உடைவது குறையுமா என்று சொல்ல அந்த ஆள்கணக்கும் போதாது, அந்தக் காலமும் போதாது.

கால்சியம், வைட்டமின் டி இரண்டின் கதையே வேறு. 1992இல் பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பாட்டிமார்களுக்கு இரண்டையும் கொடுத்ததில், 18 மாதத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் ஏழு வருடம் பார்த்தார்கள். உறுதியாகச் சொல்லும்படி இடுப்பெலும்பு முறிவு குறையவில்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2022இல் வெறும் வைட்டமின் டி மட்டும் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரியவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? பிரான்ஸ் பாட்டிகள் வெயில் படாமல் அறைக்குள் இருந்தவர்கள், சாப்பாட்டிலும் கால்சியம் குறைவு. பசித்தவருக்குச் சோறு போட்டால் தெம்பு வரும். பந்தியில் இருந்து எழுந்து வந்தவருக்குப் போட்டால்?

நாம் எந்தப் பக்கம் என்பது ஆளைப் பொறுத்தது. சேலத்து வெயில் தறிக்குழிக்குள் வராது. காலையில் குழியில் இறங்கிப் பொழுது சாயும்போது ஏறுகிறவர்களும், கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களும் பிரான்ஸ் பாட்டிகளுக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. அவர்களுக்கு மருத்துவர் எழுதும் சாதாரண கால்சியம் மாத்திரை போதும். அதிலும் கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்றால் உள்ளே இருக்கும் கால்சியம் 500தான். சாப்பாட்டோடு போட வேண்டும், தைராய்டு மாத்திரையில் இருந்து நாலு மணி நேரம் தள்ளி. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, நாளுக்குத் தேவை 1,000 என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகமானால் என்ன ஆகும் என்பதை என் தப்பிலேயே கற்றேன். ஏற்காட்டில் இருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் கொடுத்தேன். 'வாரம் ஒன்று' என்று உறைமேல் எழுதினேன், வாயால் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார், தீரத் தீர மலையிலேயே வேறு கடையில் வாங்கி. சில வாரத்தில் வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம். ரத்தத்தில் கால்சியம் எகிறிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்றில் இருந்து 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று கிழமையைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துத்தான் கொடுக்கிறேன்.

தறிக்கார அம்மாவிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "எப்பவாவது விழுந்து எலும்பு ஒடஞ்சிருக்காம்மா?"

"போன ஐப்பசியில வாசல்ல வழுக்கி, மணிக்கட்டுல. கட்டுப் போட்டுச் சரியாப் போச்சு."

நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் அதுதான் உண்மையான எச்சரிக்கை. யாரும் அதற்கப்புறம் சோதித்துப் பார்க்கவில்லை. இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் மெஷின் இதற்குப் போதாது, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். எடுத்தார். அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.9. அது மைனஸ் 2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. மருத்துவர் அலெண்ட்ரோனேட் எழுதினார், வாரம் ஒரு மாத்திரை. முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களிடம் நடத்தி 1996இல் வெளியான ஆய்வில், இடுப்பெலும்பு முறிவைப் பாதியாகக் குறைத்த மருந்து அது. அந்த டப்பாவோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. அதற்கு யாரும் விளம்பரம் போடுவதில்லை.

வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி நேரம் டீ கூடக் குடிக்காமல், படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றேன்.

"பாவு கெடக்குது கண்ணு, அரை மணி நேரம் சும்மா உக்காந்தா எப்படி?"

தறியில் உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான் அம்மா என்றேன்.