தண்ணியிலேயே கிடந்தாலும் உடம்பு வற்றும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் குழந்தைகள் டாக்டர்களுக்குத் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போய்வந்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். தலைவலி, இரண்டு மூன்று தடவை வாந்தி, சிவந்து எரியும் தோள்பட்டை. நேற்று மதியத்துக்கு மேல் ஒன்றுக்கே போகவில்லை என்பது கேட்டால்தான் தெரியவரும். "தண்ணி ஒத்துக்கல டாக்டர், குளோரின் அதிகமா போட்டிருப்பாங்க" என்பார் அப்பா. "வெயிலே படல டாக்டர், நாள் பூரா தண்ணியிலதான் கிடந்தான்" என்பார் அம்மா. இந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒவ்வொரு கோடையிலும் பெற்றோர் இதையே சொல்கிறார்கள், ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றுகிறோம்.

முதலில், நாள் பூராவும் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் கிடப்பதில்லை. சறுக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக நான்கு மாடி உயரத்துக்கு ரப்பர் மிதவையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஏறிய பிறகு விடுமுறைக் கூட்டத்தில் இருபது நிமிடம், அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் படிக்கட்டுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது. ஒரு நாளில் பத்துச் சறுக்கு என்றால் தண்ணீரில் இருந்தது ஐந்து நிமிடம். வெயிலில் நின்றது மூன்று மணி நேரத்துக்கு மேல். உடம்பு ஈரமாக இருப்பதால் சூடு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அலைக்குளத்தில் ஒரு மணி நேரம் இருந்தால்? அங்கேயும் உடம்பு வற்றுகிறது, மூன்று காரணங்களால். குதித்து ஆடும் உடம்புக்குத் தண்ணீருக்குள்ளும் வியர்க்கும். வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது. தோல் குளிர்ந்திருப்பதால் தாகம் எடுக்காது. பிள்ளை தானாக வந்து தண்ணீர் கேட்காது. மூன்றாவது பலருக்கும் தெரியாதது. மார்பளவு தண்ணீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தப்புக்கணக்குப் போடும், சிறுநீரகம் அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றும். குளத்தில் இறங்கியதும் ஒன்றுக்கு முட்டுவது இதனால்தான். காலையில் இரண்டு மூன்று முறை போன பிள்ளை மாலை வரை போகவே இல்லை என்றால், உடம்பு வற்றிவிட்டது என்று அர்த்தம்.

சூரியனின் புற ஊதாக் கதிர் தண்ணீருக்குள்ளும் போகும். அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் எஞ்சியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. பெங்களூரு பக்கம் போகிறவர்கள் "அங்க குளுகுளுன்னு இருக்கும்" என்று தொப்பியைக்கூட எடுத்துப்போவதில்லை. காற்றின் குளிர்ச்சிக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட இந்தக் கதிரும் கூடத்தான் செய்யும். "நம்ம கலருக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் தப்பு. கறுத்த தோலும் வெந்துபோகும், சிவப்பு தெரியாததால் கவனிக்காமல் விடுகிறோம். முழுக்கை வைத்த நைலான் நீச்சல் உடை எந்த சன்ஸ்கிரீன் கிரீமையும்விட மேல். கிரீம் போடுவதானால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு, உறையில் போட்டிருக்கும்) 30 அல்லது அதற்கு மேல், வெயிலில் இறங்க இருபது நிமிடம் முன்னால், பிறகு இரண்டு மணிக்கொரு முறையும் துடைத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும். காலையில் ஒரு தடவை தடவிவிட்டால் போதாது.

சரி, எவ்வளவு குடிக்க வேண்டும்? தாகத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மி.லி.; அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு அதில் பாதி; பெரியவர்களுக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மி.லி. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்க வைத்தால் அடுத்த சுற்று ராட்டினத்தில் அத்தனையும் வெளியே வந்துவிடும். இதயச் செயலிழப்புக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். மருந்தும் குழந்தை உணவும் அதில் சேராது. ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு, உறையில் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டுக் கலக்குங்கள். பெரிய பொட்டலத்தைப் பாதிப் பாட்டில் தண்ணீரில் கொட்டினால் உப்பு கூடிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் அளவு தவறும். டெட்ரா பாக்கெட்டில் இனிப்பாக வந்ததெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்தப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நல்லது. கோலாவும் எனர்ஜி டிரிங்க்கும் வேண்டவே வேண்டாம்.

குளோரினைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவது என்று நினைக்கிறோம். குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை அது. கண் சிவப்பதும் அதனால்தான். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றுவிட்டு, மணிக்கொரு முறை பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை தீரும். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, முறையாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். காசு கட்டிவிட்டோம் என்பதற்காகக் கூட்டிவந்தால் மற்ற பிள்ளைகளும் சேர்ந்து படுப்பார்கள்.

இனி, பூங்காவில் அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது? மேட்டுப்பாளையத்தை அடுத்த பிளாக் தண்டராக இருந்தாலும், கொச்சி அல்லது பெங்களூருவை அடுத்த பிடதி ஒண்டர்லாவாக இருந்தாலும், 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திறந்த ஒண்டர்லாவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். விடுமுறை இல்லாத செவ்வாய், புதன், வியாழனில் போனால் வரிசை சுருங்கும், வெயிலில் நிற்பதும் குறையும். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டுக் கேட் திறக்கும் முன்பே நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லாரும் முதலில் கண்ணில் படும் ராட்டினத்தில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் கடைசி மூலைக்கு நடந்து போய், திறந்தவெளியில் இருக்கும் பெரிய சவாரிகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூரைக்குக் கீழே இருங்கள்: சாப்பாடு, உள்ளரங்கக் காட்சி, குழந்தைகளுக்கு ஒரு குட்டித் தூக்கம். தண்ணீர் விளையாட்டு மூன்று மணிக்கு மேல்தான். நீர்ப்பகுதியைப் பூங்கா மூடும் நேரத்துக்கு முன்னாலேயே மூடிவிடுவது வழக்கம், அதை மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி வரும் என்று பயந்து பிள்ளையைப் பட்டினியாக ஏற்றாதீர்கள். வெறும் வயிற்றில் குமட்டல் கூடத்தான் செய்யும். இரண்டு இட்லி, இரண்டு மணி நேரம் முன்னால். மதியம் பிரியாணி சாப்பிட்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சுழலும் எதிலும் ஏற வேண்டாம். பஸ் வாந்திக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் புரோமெதசின் மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், வியர்வையையும் குறைக்கும். மாத்திரை போட்ட பிள்ளையை உச்சி வெயிலில் நிறுத்துவது ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

உயரம் அளக்கும் கோட்டின் பக்கத்தில் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லும் அப்பாக்களுக்கு: அந்தக் கோடு தைரியத்துக்கான பரீட்சை அல்ல. மடிமேல் இறங்கும் கம்பி இடுப்பெலும்பில் பிடிக்க வேண்டும். உடம்பு சிறிதாக இருந்தால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவில் இடைவெளி விழும், அதன் வழியே பிள்ளை நழுவும். சறுக்கில் கைகளை மார்பின் மேல் கட்டி, கணுக்காலைக் குறுக்கே போட்டு, மல்லாந்து படுக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். காலை விரித்தபடி வேகமாகத் தண்ணீரில் விழுந்தால் நீர் பீறிட்டு உள்ளுறுப்புகளைக் கிழிக்கும். இப்படிப்பட்ட காயங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பருத்தி உடையைத் தடுப்பது நைலான் விற்பதற்காக என்று சண்டை பிடிக்காதீர்கள். நனைந்த பருத்தி கனக்கும், சறுக்கில் ஒட்டி இழுக்கும், அதன் நூல் வடிகட்டியை அடைக்கும். துப்பட்டா, தாலிக்கொடி, விரித்த கூந்தல் மூன்றையும் அடக்கிக் கட்டாமல் கோ-கார்ட் (குட்டி ரேஸ் கார்) பக்கமே போகாதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் பெரிய சவாரிகளை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோயுள்ள தாத்தா பாட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களை யாரும் கவனிப்பதில்லை. "நான் எதுலயும் ஏறல, சும்மா நடந்தேன்" என்பார்கள். உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மதிய நேரத்துச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வெந்து கொப்பளிக்கும், வலிக்காது. ராத்திரி சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் விரல் போகும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு, தண்ணீரிலும் கழற்றக் கூடாது. இன்சுலினை வேனில் விட்டுப்போகாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். வழக்கமான அளவு மருந்தைப் போட்டுவிட்டு நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நீச்சல் காப்பாளர் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் போனைப் பார்க்காதீர்கள். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும்போது மூச்சுக்கே நேரம் பத்தாது, கத்த எங்கே முடியும்? முழங்கால் ஆழம் போதும் ஒரு குழந்தை மூழ்க. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை எப்போதும் கை எட்டும் தூரத்தில். கூட்டமாகப் போனால் "எல்லாரும் பார்த்துக்குறோம்" என்பது யாருமே பார்க்காததில் போய் முடியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். நீல நிற நீச்சல் உடை நீலக் குளத்தில் மறைந்துவிடும். ஆரஞ்சு, மஞ்சள், அடர் சிவப்பு வாங்குங்கள். காற்றடைத்த கைப்பட்டை விளையாட்டுப் பொருள், அது உயிர்காக்காது.

மூழ்கிய பிள்ளையை வெளியே எடுத்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அது தண்ணீரை எடுப்பதற்குப் பதிலாக, வயிற்றில் இருப்பதை நுரையீரலுக்குள் தள்ளும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சழுத்தம். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரியில் சில மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயில் தாக்கிய பிள்ளைக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் நிழல், ஈரத்துணி, விசிறி, ஓ.ஆர்.எஸ். போதும். பேச்சு குழறினால், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டால், உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கம். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மதுரையிலிருந்து பிடதிக்கு 400 கி.மீ.க்கு மேல். ராத்திரி கிளம்பி, பகல் ஆடி, ராத்திரியே திரும்புவதை "ஒரு நாள் டூர்" என்கிறோம். அந்தப் பகல் முழுக்க டிரைவர் கொதிக்கும் வேனுக்குள் புரண்டுகொண்டிருப்பார். அவருக்கு ஃபேன் உள்ள ஓர் அறை எடுத்துக்கொடுங்கள், இல்லையென்றால் மாற்று டிரைவரை அழைத்துப்போங்கள். இரண்டும் முடியாவிட்டால் இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். தூங்கும் குழந்தையை ஒரு நிமிடம்கூட நிறுத்திய வண்டிக்குள் தனியாக விடாதீர்கள்; பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கப்போகும் முன் பிள்ளை ஒன்றுக்குப் போனானா, என்ன நிறம் என்று பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் கவலையில்லை. அடர் மஞ்சள் என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, அல்லது எழுப்பினால் கண் திறக்காமல் சோர்ந்து கிடக்கிறான் என்றால், திங்கட்கிழமை காலை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே கூட்டி வாருங்கள்.